வயிற்றுக் குழந்தையின் முகம்

சென்ற வாரத் தபாலில் வந்த ஒரு கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் ஐந்து மாதக் கர்ப்பிணி, தலைப் பிரசவம். ஸ்கான் எடுத்த டாக்டர், "குழந்தையின் மேலுதட்டில் இடது பக்கம் ஒரு பிளவு தெரிகிறது" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நாள் கணக்குப் போட்டுப் பார்த்து, "நாலாம் மாசத்துக் கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கினாயே!" என்றாராம். அடுத்த வீட்டு அம்மாளோ, "இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று. வேண்டாமென்று சொல்லிவிடேன்" என்று யோசனை சொன்னாராம். "என் குழந்தையின் உதட்டை நான்தான் நறுக்கிவிட்டேனா, அம்மா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

இல்லை, அம்மா. நீங்கள் நறுக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இதே பயம் உங்களில் எத்தனையோ பேருக்கு உண்டு என்பதால், பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பாருங்கள். மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில், வாய்க்கால் மாதிரி ஒரு சிறு பள்ளம் இருக்கிறதல்லவா? அதன் இரண்டு கரைகளும் தையல் போட்டுச் சேர்த்த இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முகம் ஒரே துண்டாக உண்டாவதில்லை. மேலிருந்து ஒன்று, பக்கத்துக்கு இரண்டு, ஆக ஐந்து முளைகள் வளர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டிக்கொண்டு முகமாகின்றன. கருத்தரித்து ஏழு வாரத்துக்குள் மேலுதடு கூடி முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் வாயின் உள்ளே அண்ணமும் மூடிக்கொள்கிறது. ஒட்ட வேண்டிய இடம் ஒட்டாமல் நின்றுவிட்டால் அதுதான் பிளவு. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று வீட்டில் மெதுவாகப் பேசிக்கொள்ளும் சமயத்திலேயே உதட்டுக் காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. நாலாம் மாதத்துக் கிரகணம் அதை எப்படித் தொடும்?

பின் எதனால் வருகிறது? பரம்பரை கொஞ்சம், சுற்றுச் சார்பு கொஞ்சம் என்று இரண்டும் கலந்துதான். பெரும்பாலோர் விஷயத்தில் இன்னதென்று விரல் வைத்துச் சொல்ல முடிவதில்லை. ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு; அதிலும் இடது பக்கந்தான் அதிகம். புகைபிடித்தல், கருத்தரிக்கும் முன்பே இருந்த நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. (அதற்காக வலிப்பு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்! அது வேறு விபரீதத்தில் கொண்டுபோய் விடும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.)

இந்த ஸ்கான் பிறந்த கதை வேடிக்கையானது. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ டாக்டர் இயான் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் உலோகத்தின் உள்விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கிறார்கள் என்று அறிந்தார். உடனே, 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் நின்றார்! 1958-ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. எக்ஸ்ரே வேறு, இது வேறு. நம் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக்கிக் காட்டுகிறார்கள்.

முகத்தை விவரமாகப் பார்க்க ஏற்ற காலம், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 18 முதல் 22 வாரம். டாக்டர் முதலில் பக்கவாட்டில் பார்ப்பார்: நெற்றி, மூக்கெலும்பு, முகவாய். முகவாய் மிகவும் உள்ளடங்கியிருந்தால், பிறந்தவுடன் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கக் கூடும். பிறகு கண்குழிகள், பிறகு நேர் எதிரே மூக்குத் துவாரங்களும் உதடும். பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டோ, கையால் முகத்தை மூடிக்கொண்டோ இருந்தால், "சற்று நடந்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். அதற்குக் கலங்க வேண்டாம்.

உதட்டுப் பிளவு படத்தில் தெரியும். அண்ணத்தில் மட்டும் இருக்கும் பிளவு பெரும்பாலும் தெரியாது. எலும்பின் நிழல் மறைத்துவிடும். "ஸ்கானில் எல்லாம் சரி என்றீர்களே!" என்று பிற்பாடு டாக்டரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கழுத்துச் சமாசாரம் தனி. 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள், பிடரித் தோலுக்கு அடியில் நிற்கும் நீரின் கனத்தை அளப்பார்கள். 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் குரோமோசோம்களையும் இருதயத்தையும் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்ததில் ஒன்றும் இல்லாமல் ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளும் பலர். பின்மாதங்களில் கழுத்தில் பெரிய கட்டி வளர்ந்தால், குழந்தையால் பனிக்குட நீரை விழுங்க முடியாது; நீர் பெருகித் தாயின் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாகும். முன்கூட்டியே இதை அறிந்தால் ஓர் அபூர்வமான ஏற்பாடு செய்கிறார்கள். சிசேரியனில் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, கொடி வழியாகப் பிராணவாயு வந்துகொண்டிருக்கும்போதே மூச்சுக் குழலில் குழாயைச் செலுத்திவிட்டு, அப்புறந்தான் கொடியை அறுப்பார்கள். தெரியாமல் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவமானால் சில நிமிஷங்களில் காரியம் கைமீறிவிடும்.

இனி நம் சகோதரிக்கு. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிளவு உதட்டோடு நிற்கிறதா, ஈறிலும் அண்ணத்திலும் ஓடுகிறதா? இருதயம், மூளை, கை, கால் எல்லாம் சரியாக இருக்கின்றனவா? இரண்டாவதுதான் முக்கியம். வேறு குறை சேர்ந்திருந்தாலோ, பிளவு நட்டநடுவில் இருந்தாலோ, பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். (ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம்.) கடுமையான குறையென்றால், 2021-ல் திருத்திய சட்டப்படி, 24 வாரம் தாண்டினாலும் மருத்துவக் குழு ஆராய்ந்து முடிவு சொல்லும். உதட்டுப் பிளவு மட்டுந்தான் என்றால், அடுத்த வீட்டு அம்மாளின் யோசனையை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். அண்ணத்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். பணத்துக்கும் பதற வேண்டாம். குழந்தைகளுக்காக 2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ராஷ்டிரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது. 'ஸ்மைல் டிரெயின்' என்ற தர்ம ஸ்தாபனமும் பல ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்விக்கிறது.

உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பாலை நேராகவே குடிக்கும். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்சும் இழுப்பு வராது. பால் மூக்கால் வெளியே வரும். பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாலாடையால் கொஞ்சங் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான்! உங்கள் மாமியாரின் பெட்டியில் வெள்ளியில் ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த ஸ்கானுக்கு அவரையும் கூட அழைத்துக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே விஷயத்தைக் கேட்கச் செய்யுங்கள். திரும்பி வந்ததும் பாலாடையைத் தேடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வேளைக்கு வேளை அதைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.