கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகிவிடுமா?

பைக் சக்கரம் முதல் சில கம்ப்யூட்டர் ஃபேன்கள் வரை பால் பேரிங் சுழல்கிறது. அதில் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானை விட மெல்லியது. அதன் கனத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடலாம். இங்கிலாந்தில் டௌசனும் ஹிக்கின்சனும் 1959-ல் வெளியிட்ட தீர்வில், எண்ணெயின் வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டார்கள். செங்கும் ஸ்டெர்ன்லிக்ட்டும் 1965-ல் வெப்பத்தையும் சேர்த்தார்கள்.

உருள்வதோடு வழுக்கலும் சேர்ந்தால் எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தோடு உரசலாம். அந்த வெப்பத்தை நாம் விட்டுவிட்டால் புரோகிராம் எர்ரர் எதுவும் காட்டாது. அழகான வண்ணப் படத்தோடு தப்பான விடை தரும். சாஃப்ட்வேர் எழுதுகிற எனக்கு இதுதான் பயம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களே, வீட்டுக் கடன் வட்டியை எக்ஸெல்லில் போட்டாலும் சரி, விடையை நம்பும் முன் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு முறை பாருங்கள்.