செல்போன் சொல்லும் விலைக்கு வீட்டை விற்கலாமா?

வீடு விற்க நினைக்கிறவர்கள் முன்பெல்லாம் தரகரைத் தேடிப் போவார்கள். இப்போது முதலில் செல்போனைத் தட்டுகிறார்கள். ஊர், தெரு, சதுர அடி மூன்றையும் போட்டால் போதும். "உங்கள் வீடு இவ்வளவு பெறும்" என்று ஒரு தொகை வந்து நிற்கிறது!

அந்தத் தொகையை நம்பலாமா?

அப்படியே நம்பினால் நஷ்டம் விற்கிறவருக்குத்தான்.

தொகை குறைவாக இருந்தால், அவசரத்துக்கு விற்கிறவர் அடிமாட்டு விலைக்குக் கொடுத்து விடுகிறார். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று நிற்கிறவரிடம், "செல்போனே சொல்லுது அண்ணாச்சி, இதுக்கு மேல யாரு தருவா?" என்று வாங்க வந்தவர் அடித்துப் பேசுகிறார்.

தொகை அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். "அதுக்குக் குறைஞ்சு ஒரு பைசா கிடையாது" என்று பிடிவாதமாக இருக்கிறார். வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. கடனுக்கு வட்டி ஏறுகிறது!

தலைவரின் வீடே தப்பவில்லை!

அமெரிக்காவில் "ஜில்லோ" என்று ஒரு கம்பெனி. 2006-ம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இணையத்தில் விலை சொல்லி வருகிறது.

அதன் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப், 2016-ல் சியாட்டில் நகரில் தன் சொந்த வீட்டை விற்றார். கிடைத்தது 10½ லட்சம் டாலர். அந்தச் சமயத்தில் அவருடைய கம்பெனியே அந்த வீட்டுக்குப் போட்டிருந்த மதிப்பு 17½ லட்சம் டாலர்!

அத்தோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்கை நம்பி அந்தக் கம்பெனியே வீடுகளை வாங்கி விற்கவும் இறங்கியது. 2021 நவம்பரில் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. மூன்றே மாதக் கணக்கில் 30 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதியது. ஊழியர்களில் நாலில் ஒரு பங்கு பேருக்கு வேலை போனது.

விற்பனைக்கு வராத வீடுகளுக்குச் சொல்லும் விலையில், பாதிக்குப் பாதி சுமார் 7 சதவீதத்துக்கு மேல் பிசகுகிறது என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. 30 லட்ச ரூபாய் வீட்டில் 7 சதவீதம் என்றால் 2 லட்சத்து 10 ஆயிரம். சாதாரணக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் விற்ற விலை பகிரங்கமாகவே கிடைக்கும். அங்கேயே இந்தக் கதி!

புதியம்புத்தூரில் என்ன நடக்கும்?

கம்ப்யூட்டருக்கு ஜோசியம் தெரியாது. பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. சென்னையில் ஒரே அடுக்குமாடியில் 40 வீடும் ஒரே அச்சு. அதில் இரண்டு விற்றிருந்தால், மூன்றாவதுக்கு ஓரளவு சரியாகச் சொல்லிவிடும்.

தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர் அப்படிப்பட்ட ஊரா? ரெடிமேட் துணி தைப்பதில் பேர் எடுத்த ஊர். "குட்டித் திருப்பூர்" என்றே சொல்வார்கள். முன்கூடத்தில் பத்து தையல் மிஷின் போட இடமும், அதற்கேற்ற மின் இணைப்பும் இருந்தால், தொழில் செய்கிறவர் கூடுதலாகவே கொடுப்பார். அதே தெருவில் அமைதியாகக் குடியிருக்க வீடு தேடுகிறவர், மிஷின் சத்தம் கேட்டதும் விலையைக் குறைப்பார்.

மண்ணோ கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போடாத வீட்டில் சுவர் விரிசல் விடும். கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? லாரி உள்ளே வருமா? சதுர அடியை மட்டும் கேட்கிற செல்போனுக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொன்று. இணையத்தில் வருகிற விலையில் பெரும்பாலானவை விற்ற விலை அல்ல. விற்கிறவர் கேட்கிற விலை! பத்திரத்திலோ, முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து பலர் குறைத்து எழுதுகிறார்கள். ஒன்று ஆசை, மற்றொன்று பொய். இரண்டையும் கூட்டிக் கழித்தால் உண்மை வருமா?

அரசு மதிப்பும் விலை அல்ல!

பதிவுத்துறை இணையதளத்தில் வரும் வழிகாட்டி மதிப்பையே விலை என்று நினைக்கிறவர்களும் உண்டு.

2017 ஜூன் 9-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் அந்த மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அன்று ராத்திரியே எல்லார் மனையும் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியா போனது? 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே உயர்த்தினார்கள். முறைப்படி செய்யவில்லை என்று ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2024 ஜூலையில் புதிய மதிப்பு வந்தது.

மேலும் அது மனைக்கான மதிப்பு. கட்டடத்துக்குக் கணக்கு தனி. டான்சி நில வழக்கில் 2003-ல் சுப்ரீம் கோர்ட்டும், வழிகாட்டி மதிப்பே முடிவான சந்தை விலை ஆகாது என்றுதான் சொன்னது.

அதற்காக அதை அலட்சியப்படுத்தவும் முடியாது. முத்திரைக் கட்டணத்துக்கான மதிப்பு, விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாகக் கொண்டு வருமான வரி கேட்பார்கள். கைக்கு வராத பணத்துக்கு வரி! மதிப்பு கூடுதல் என்று விற்றவர் ஆட்சேபித்து, மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பக் கேட்கலாம்.

என்ன வழி?

செல்போன் விலை விசாரணைக்கு ஆரம்பமாக இருக்கட்டும், முடிவாக வேண்டாம். பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு, வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். எந்தத் தேதியில், என்ன தொகைக்குக் கைமாறியது என்று அதில் இருக்கும். அதோடு விடாமல், வாங்கியவரையே நேரில் விசாரிக்க வேண்டும். பெரிய சொத்து என்றால் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. தரகரிடம் கேட்பதானால் ஒருவரிடம் அல்ல, மூன்று பேரிடம்!

வீட்டுக்கு விலை சொல்கிறவன், அந்த வீட்டு வாசப்படியையாவது மிதித்திருக்க வேண்டாமா?