பிளக்கின் அழுக்கும் யந்திரத்தின் பழியும்

பள்ளி விழாவில் ஒலிபெருக்கி கரகரத்தால் முதற்பழி யந்திரத்தின்மேல் விழுகிறது. புதியது வேண்டுமென்று கோரிக்கை எழுதப்படுகிறது. மைக் வடத்தின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார் இலர். யானறிந்த பள்ளி ஒன்றில், கழித்துவிட எண்ணிய யந்திரம் பிளக்கைத் துடைத்ததும் தெளிவாகப் பேசிற்று.

மைக்கிலிருந்து புறப்படும் மின்னழுத்தம் பெரும்பாலும் சில மில்லிவோல்ட்டே. உயர்ந்த மின்னழுத்தம் எளிதில் பிளந்து செல்லும் ஆக்சைடு படலத்தை, இத்துணை நலிந்த மின்குறி பிளக்க மாட்டாது. அன்றியும், தாமிர ஆக்சைடு தாமிரத்தோடு பொருந்தியிருக்குமிடத்தில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் செல்லும். முற்காலத்து மின்திருத்திகள் சில இவ்வியல்பைக் கொண்டே செய்யப்பட்டன. ஆகவே அழுக்கேறிய இணைப்பு ஒலியைக் குறைப்பதோடு நில்லாது அதன் உருவையும் கெடுக்கிறது. சிற்சில வேளைகளில் அருகிலுள்ள வானொலி நிலையத்தின் பாட்டையும் சபையோருக்குக் கேட்பிக்கிறது!

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் பிளக்கைத் துடைத்து, உலர்ந்தபின் சிலமுறை செருகி எடுத்தால் போதுமானது. உப்புத்தாள் ஆகாது, அது முலாமைச் சுரண்டிவிடும், பின்னர் அழுக்கு முன்னிலும் விரைவில் ஏறும். தேங்காயெண்ணெய் தடவுவோரும் உளர். புழுதியைச் சேர்ப்பதே அதன் பயன்.

ஒலிக்கு மெருகூட்டும் என்று கூறி விற்கப்படும் விலையுயர்ந்த திரவங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. துடைப்பது இழந்ததை மீட்குமேயன்றிப் புதிதாக எதனையும் ஈயாது.

துடைத்த பின்னும் கரகரப்பு நீங்காதாயின், பிளக்கின் கழுத்தருகே வடத்தை மெல்ல வளைத்துப் பார்க்க. ஒலி விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பியோ பற்றவைப்போ அற்றிருக்கலாம். அதற்கும் யந்திரத்தை மாற்ற வேண்டுவதில்லை.