ஜெனரேட்டரை ஓரங்கட்டும் முன் பெட்ரோலை வடியுங்கள்

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர், மோட்டார் அறையில் ஆறு மாதமாகக் கிடந்தது. இப்போது எவ்வளவு கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், ஆயக்குடி, பழனி.

பதில்: பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான் காரணம். டேங்கில் மாதக்கணக்கில் தங்கும் பெட்ரோல் கெட்டு, பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தையும் இழுக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

இனி ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதானால், இன்ஜின் ஆறிய பின், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். மழை, எலி அண்டாத இடத்தில் மூடி வையுங்கள். ஓட்டும் முன் இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானவை இரண்டு. மோட்டார் அறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை, ஆளையே கொன்றுவிடும். வெளியே, வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள்.

அடுத்து, ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் சொருகாதீர்கள். மின்சாரம் திரும்பிக் கம்பத்துக்கு ஏறும். 2018 நவம்பரில் கஜா சாய்த்த கம்பங்களை இரவு பகலாக நிமிர்த்தியவர்கள் மின்வாரியத் தொழிலாளர்கள். லைன் ஆஃப் என்று நம்பித்தான் அவர்கள் கம்பியில் கை வைக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.