பெட்டிக்குள் வாசிப்பவர் யார்?

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருச்சி உறையூரில் நண்பர் வீட்டு மாடியறையில் நாங்கள் நால்வர் கூடியிருந்தோம். வழக்கமாக அங்கே கூடினால் படித்த புத்தகங்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். அன்று எங்கள் நடுவே இருந்தது, அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே எடுக்கப்பட்ட ஒரு கீபோர்டு. நண்பர் முப்பது ஆண்டுகளாகத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்து வரும் மெல்லிசைக் குழுக்காரர். புதிய கருவியின் ஒலியைக் கேட்டு அபிப்பிராயம் சொல்ல எங்களை அழைத்திருந்தார். இலக்கியம் பேசும் இடத்தில் இசைக்கருவிக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கருவி எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. அரேஞ்சர் கீபோர்டு என்ற வகையைச் சேர்ந்தது. 61 கட்டைகள் கொண்டது. இடக்கை விரல்களால் ஒரு கார்டைப் பிடித்தால் போதும். டிரம்ஸ், பேஸ், கிதார், வயலின் கூட்டம் என்று ஒரு குழுவே பின்னால் எழுந்து வாசிக்கத் தொடங்கிவிடும். வலக்கை பாட்டின் மெட்டை மட்டும் கவனித்துக்கொள்ளலாம். பாட்டுக்கு முன் வரும் இசைக்கு ஒரு பொத்தான், பல்லவிக்கும் சரணத்துக்கும் வெவ்வேறு பொத்தான்கள், இடையில் ஒரு திருப்பத்துக்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று. இந்தப் பின்னணிகள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே ஏதோ ஒரு கார்டில் அமைத்து வைக்கப்பட்டவை. யமஹா கருவிகளில் பெரும்பாலும் அது ஸி மேஜர் செவன்த். நாம் வேறு கார்டைப் பிடித்ததும், சேமித்து வைத்த சுரங்களைக் கருவி அதற்கேற்ப நகர்த்திக்கொள்கிறது. மாயமொன்றும் இல்லை; ஒழுங்கான கணக்கு.

முதலில் பியானோ. மெல்லத் தொட்டபோது எழுந்த ஒலிக்கும் அழுத்தித் தொட்டபோது எழுந்த ஒலிக்கும் இடையே இருந்தது அளவின் வேறுபாடு மட்டுமல்ல, குணத்தின் வேறுபாடு. கட்டையை விட்ட பிறகும் ஒலி அறைக்குள் கரைவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த கிதாரில் தந்திமேல் விரல் வழுக்கும் சிறு கீச்சொலியும் இருந்தது. புல்லாங்குழலில் சுரத்துக்கு முன் காற்று கேட்டது. எங்களில் ஒருவர், இருபது ஆண்டுகளாக மின்னிசையைப் பழித்து வருபவர், கண்களை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. ஜான் சௌனிங் 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த அலையெண் பண்பேற்ற முறையை வைத்து யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7, ஒலிகளைக் கணக்கின் மூலம் உண்டாக்கியது. மணியோசை அதில் அழகாக வரும், வயலின் வராது. பின்னர் உண்மையான கருவிகளைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து நினைவகத்தில் அடுக்கும் முறை பரவியது. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியலில் 128 ஒலிகளுக்கு இடம் கிடைத்தது. அதில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு; வீணையும் நாகஸ்வரமும் தபேலாவும் கிடையா. உலகம் நம்மை எந்தச் சன்னல் வழியே பார்த்தது என்பதற்கு அந்தப் பட்டியல் ஒரு சாட்சி. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இந்தியச் சந்தைக்கென்றே தனி வரிசைகள் வருகின்றன. யமஹாவின் ஆலையொன்றே 2019 முதல் சென்னைக்கு அருகே இயங்குகிறது. நண்பரின் கருவியிலும் தபேலா, டோலக் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாகஸ்வர ஒலியைத் தேர்ந்து ஒரு சுரத்தை அழுத்தினால், அந்தச் சுரம் நாகஸ்வரம்தான். அடுத்த சுரத்துக்குப் போகும்போது அது நாகஸ்வரமாக இல்லை. நம் இசையின் உயிர் ஒரு சுரத்துக்கும் மறு சுரத்துக்கும் நடுவில் இருக்கிறது; பதிவு செய்யப்பட்டதோ சுரங்கள் மட்டும். வளைவுச் சக்கரத்தை இடக்கையால் உருட்டிக் கமகத்தை ஓரளவு கொண்டுவரலாம். கர்நாடக இசை மேடையில் கீபோர்டை நிலைநாட்டிய சத்தியநாராயணன் போன்றவர்கள் அது சாத்தியம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அப்போது இடக்கைக்குப் பின்னணியை நடத்த நேரமிருக்காது. தம்புராவோடு சேர்த்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். சமமாகப் பங்கிட்ட பன்னிரண்டு சுரங்களில் அந்தர காந்தாரம், இயல்பான காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயர்ந்து நிற்கும். சுரங்களைத் தனித்தனியே இறக்கி ஏற்றும் வசதி இத்தகைய கருவிகளில் உண்டு. அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

மண்டபம் இன்னொரு சோதனை. அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளில் விரிந்து கேட்கும் பியானோ, மண்டபத்து மைக்செட்டில் ஒற்றைத் தடமாகச் சேர்க்கப்படும்போது உள்ளீடற்றதாகிவிடக்கூடும். இடமும் வலமுமாகப் பதிவான அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதே காரணம். ஆகவே மாடியறையில் பிறந்த வியப்பை மண்டபத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் தீர்ப்பெழுதக் கூடாது.

ஆனாலும் இவற்றை நாங்கள் பெரிய குறைகளாக நினைக்கவில்லை. ஹார்மோனியத்துக்கும் இதே குற்றச்சாட்டுகள் இருந்தன. அசையாத சுரங்கள், கமகம் வராத கட்டைகள் என்று சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. ஆனால் நம் இசை நாடக மேடையில் ஹார்மோனியம் இல்லாத இரவு கிடையாது. பின்பாட்டுக்காரர் கட்டையில் கைவைத்தபடி நடிகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நடிகர் இழுத்தால் இழுப்பார், நிறுத்தினால் நிறுத்துவார், சுருதி விலகினால் தாமும் பாடிக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பார். கருவியின் போதாமையை அவருடைய காது ஈடு செய்தது. ஒலித்தரம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது அந்தக் காதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

அதை அன்று எங்களுக்கு உணர்த்தியவர், சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்த தபேலாக்காரர். நண்பரின் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவர், அறுபதைத் தாண்டியவர். நண்பர் எழுந்து, "வாங்கண்ணே" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். பின்னணியில் தபேலா ஒலிக்கும் ஒரு தாளத்தை ஓடவிட்டு, பழைய மெதுவான பாட்டொன்றைத் தம் மகளைப் பாடச் சொன்னார். தபேலாக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடிய எங்களுக்கு ஏமாற்றம்தான்.

"நல்ல கை தம்பி. டக்காவில அமுக்கம் கொடுக்கிறான் பாருங்க, ஒழுங்காப் பாடம் கேட்டவன்" என்றார்.

பெண் சரணத்தின் உச்சியில் ஒரு சொல்லை நீட்டினாள். மூச்செடுக்கச் சற்று நின்றாள். தபேலா நிற்கவில்லை, நிமிடத்துக்கு 76 தட்டு என்ற கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. அவள் அரைத் தட்டு பிந்தி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"பாப்பா மூச்செடுக்கிறது மட்டும் அவனுக்குத் தெரியல" என்றார் தபேலாக்காரர். பிறகு மிக இயல்பாக, "வாசிச்சவன் பேரு என்ன?" என்று கேட்டார்.

கையேட்டைப் புரட்டினோம். எடை இருந்தது, மின்சாரம் இருந்தது, ஒலிகளின் எண்ணிக்கை இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை. இயந்திரத்தின் ஒலி என்று நாங்கள் அதுவரை பேசிக்கொண்டிருந்ததை, ஒரு மனிதனின் கை என்று கேட்டவர் அவர் ஒருவரே.

பெட்டிக்குள் இருப்பவர்கள் பெயரற்றுப் போவது புதிதல்ல. கேசியோ 1981இல் எம்டி-40 என்ற சிறிய கீபோர்டை வெளியிட்டது. அதிலிருந்த 'ராக்' என்ற பின்னணித் தாளத்தை அமைத்தவர், இசைக் கல்லூரி முடித்து நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். 1985இல் ஜமைக்காவில் வேய்ன் ஸ்மித் அந்தத் தாளத்தின் மேல் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' அந்நாட்டு இசையின் திசையையே மாற்றியது. அதே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறந்தன. அதை அமைத்தவர் யார் என்பது வெளியுலகில் பரவலாகத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. நூலில் மொழிபெயர்ப்பாளர் பெயர் விடுபட்டால் பொங்கி எழுகிற நாம், ஆயிரக்கணக்கான மண்டபங்களில் தினமும் ஒலிக்கும் ஒரு கைக்கு உரியவரை இதுவரை தேடியதுண்டா? தபேலாவையும் டோலக்கையும் பதிவுக்காக வாசித்தவர்களின் பெயர்களைக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலாவது அச்சிட நிறுவனங்களுக்கு என்ன தடை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நண்பரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய குழுவில் ஒரு காலத்தில் எட்டுப் பேர். எட்டுத் தட்டுகள் கொண்ட ரோலண்ட் ஆக்டாபேட் 1985இல் உலகச் சந்தைக்கு வந்தது. இவருடைய மேடைக்கு அந்தவகைப் பேட் ஏறியபோது தாளக்காரர்களில் இருவர் விலகினர். இப்போது பெரும்பாலும் மூவர்தான். அழைப்பவர்கள் கொடுக்கும் தொகை எட்டுப் பேருக்குப் பிரிக்கும்படியாக இல்லை என்கிறார். அவரை நோக்கி உண்மையான இசை, போலி இசை என்று உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் வரவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கும் பந்தலுக்கும் கணக்குப் பார்க்காத நாம், மேடையில் எத்தனை பேர் அமர்ந்திருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று கிளம்பும் முன் நண்பர் ஒன்று செய்து காட்டினார். கார்டிலிருந்து இடக்கையை எடுத்தால் தாளம் நின்றுவிடும்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு மகளை மறுபடி பாடச் சொன்னார். இம்முறை அவர் கட்டைகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபோது கையை எடுத்தார். பெட்டிக்குள் இருந்த அனைவரும் காத்திருந்தார்கள். அவள் தொடங்கியதும் கை இறங்கியது. தபேலாக்காரர் தொடையில் தட்டி, "அதான்" என்றார்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். இந்தக் கருவியின் ஒலித்தரம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மேலானது; வாங்க நினைப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏழு பேரின் கைகளைத் தருகிறதே தவிர அவர்களுடைய காதுகளைத் தரவில்லை. எட்டுப் பேர் பங்கிட்டுச் செய்த செவிசாய்ப்பை இனி ஒருவரே செய்தாக வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் கையில் இது வாத்தியம். மற்றவர் கையில் நன்றாக ஒலிக்கும் பெட்டி.

தபேலாக்காரரின் கேள்விக்கு மட்டும் எங்களிடம் இன்னும் பதில் இல்லை.