பெட்டித் தோட்டம் காணிக்கு ஈடாகாது. ஆனாலும் அது வேண்டும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டிலும், வலிகாமம் முழுவதிலுமிருந்து 1995 ஒக்டோபர் இறுதியிலும் எழுந்து போன குடும்பங்களில் ஒரு பகுதியினர் காலப்போக்கில் கொழும்புக்கு வந்து சேர்ந்தனர். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, இரத்மலானை என வாடகை வீடுகளில் வாழ்க்கை ஓடியது. இரத்மலானைக்கு இது புதிய அனுபவமல்ல. 1983 யூலை வன்செயலின்போது அங்குள்ள விமான நிலையமும் இந்துக் கல்லூரியும் அகதி முகாம்களாக இருந்தன.

வந்தவர்களிற் பலர் பரம்பரைத் தோட்டக்காரர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர்கள். இன்று அவர்களுக்கு எஞ்சியிருப்பது வாசற்படிக்கும் மதிலுக்கும் இடையே நாலு முழச் சீமெந்துத் தரை. அந்தத் தரையில் கால் வைத்த ஒரு மேசையும் நாலு பெட்டியும் வைத்துப் பயிர் செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

“பத்துப் பரப்புத் தோட்டம் செய்தவனுக்குப் பெட்டியில் கீரை நடச் சொல்கிறீர்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கை சும்மா இருந்தால் தொழில் மறந்துபோகும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கத்தரி நாற்று எப்படி இருக்கும், எப்போது பிடுங்கி நடுவது என்று கண்ணால் காணாமலே வளர்ந்துவிடுவார்கள். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதைச் செய்ய ஆள் வேண்டாமா?

இன்னொரு காரணம் மழை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். கொழும்புப் பக்கம் ஏறத்தாழ அதன் இருமடங்கு. மே மாதத்தில் ஒரு முறையும், ஒக்டோபர், நவம்பரில் மறுமுறையும் கொட்டும். துலா மிதித்து, பட்டையால் இறைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் காத்த நமது அனுபவம் இங்கே தலைகீழாகிறது. அத்திடியச் சதுப்பு நிலத்தை அண்டிய தாழ்ந்த இடங்களில் வெள்ளம் நின்றுவிடும். நிலத்திற் போட்ட பாத்தியில் வேர் அழுகும். ஆகவே இங்கு உயர்த்திய பாத்தி ஓர் அலங்காரமன்று. பயிர் பிழைக்கும் வழி.

அமைப்பு எளிமையாக இருக்கட்டும். பலர் செய்வதுபோல் ஒரே பெரிய தொட்டி கட்ட வேண்டாம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், முக்கால் அடி ஆழமுள்ள தொட்டியை மண்ணால் நிரப்பி நனைத்தால் ஏறத்தாழ 200 கிலோ வரும். வாடகை வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? மேசை வேறு, பெட்டி வேறு என்று இருக்க வேண்டும். நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள உறுதியான மேசை ஒன்று. அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஓரடி அளவில், முக்கால் அடி ஆழத்தில் நாலு பெட்டிகள். பாரம் குறைந்த கலவை போட்டால் ஒரு பெட்டி நனைந்த நிலையிலும் 35 கிலோ அளவில் நிற்கும். இரண்டு பேர் தூக்கி லொறியில் ஏற்றலாம். முதுகு வளைக்க முடியாத முதியவர்களும் நின்றபடியே களை பிடுங்கலாம். அகலம் குறைவானபடியால் மதிலோடு சேர்த்து வைத்தாலும் கை எட்டும்.

பலகைக்கு அலைய வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள மொறட்டுவை தச்சு வேலைக்குப் பேர்போன ஊர். வெட்டித் தள்ளிய துண்டுப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வர்ணம் பூசியதும் பூச்சி பிடிக்காமல் மருந்து ஏற்றியதும் வேண்டாம். பெயின்ற், எண்ணெய், இரசாயனம் இருந்த வாளிகளும் வேண்டாம். இரத்மலானை கைத்தொழிற்சாலைகளும் புகையிரத வேலைத்தளமும் உள்ள இடம். அவற்றின் ஓரத்து மண்ணைப் பயிருக்கு அள்ளாதீர்கள்.

மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு போதும். தும்புத்தூளை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பை நீக்குங்கள். பச்சை மரத்தூளைச் சேர்த்தால் அது மக்கும்போது பயிருக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் விரல் நுழையும் அளவில் ஆறேழு துவாரங்கள் போட்டு, மேலே தென்னம்பொச்சு பரப்புங்கள். கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, மிளகாய் இதில் நன்றாக வரும். கத்தரிக்கு ஓரடி ஆழம் தேவை. அதற்கு உரப்பை போதும்.

பெட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்க வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாட்களே போதும். 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குத் தொற்றுக்கு ஆளானதாகப் பதிவாகியது. தோட்டம் அயலவருக்கு நோயாகக் கூடாது.

விதையைக் கடையில் வாங்கும் பழக்கத்தையும் குறையுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச் செடிபோல் வராது. ஊர் வகையில் ஒரு நல்ல கத்தரியை முற்றிப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைத்து வைத்த முறை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதைப் பேரப்பிள்ளையின் கையால் செய்வியுங்கள்.

2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தது. நாள் கொடுத்தார்கள், தொழில் தெரிந்தவர்களோ வாடகை அறைகளில் சும்மா இருந்தார்கள். உதவ முன்வரும் நிறுவனங்களுக்கும் இதையே சொல்வோம். ஆயத்தப் பெட்டிகளையும் விதைப் பைக்கற்றுகளையும் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பலகைக்கும் எருவுக்கும் உதவுங்கள். அளவையும் பயிரையும் தோட்டக்காரரே தீர்மானிக்கட்டும். பாடசாலை மதிலோரத்தையும் மண்டப முற்றத்தையும் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நாலு பெட்டி கறிக்குக் கீரை தரும், பச்சை மிளகாய் தரும். ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்றும் உள்ளன. “வீட்டுத்தோட்டத்துக்கு உதவி கொடுத்தாயிற்று” என்று எவரும் அந்தக் கோரிக்கையின் கோப்பை மூடிவிட இடங்கொடுக்கலாகாது. உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள், பதிவுகளைப் புதுப்பியுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள். பெட்டியைத் தூக்கக்கூடிய அளவில் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்: அது ஒருநாள் ஊருக்குப் போகவேண்டிய சாமான்.