குடவோலை முதல் ஒப்போலை வரை

காஞ்சிக்கு அணித்தே உள்ள கூரம் என்னும் ஊரைக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று மாலியர் போற்றுவர். வரலாறு கற்றார்க்கோ அவ்வூர் ஒரு செப்பேட்டால் தெரியும். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேச்சுரவர்மன், அங்கெழுந்த சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை ஏற்படுத்திய செய்தியை அது கூறுகின்றது. அச்செப்பேட்டில் நாம் ஊன்றிக் கருதத்தக்க உண்மையொன்று உண்டு. மன்னனின் குடிவழிப் பெருமையும் போர்ப்புகழும் வடமொழியில் பாடப்பெற்றுள்ளன. நிலத்தின் எல்லையும் நீர் பாயும் காலும் கூறவந்த இடத்திலோ தமிழ் வந்துவிடுகின்றது. புகழைக் கேட்டு மகிழ்பவன் மன்னன் ஒருவனே. எல்லை, உழுகின்றவனுக்குத் தெரிந்தாக வேண்டுமே! குடிகளின் இசைவு தேவைப்படும்போது தமிழ் உள்ளே அழைக்கப்பெறுவதும், அத்தேவை தீர்ந்ததும் வாயிலில் நிறுத்தப்பெறுவதும் நம் மண்ணில் பழைய வழக்கம். காஞ்சித் தொகுதியின் தேர்தல் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்கினால், கட்சிகளின் வெற்றி தோல்விப் பட்டியலில் காணாத சில செய்திகள் விளங்கும்.

தேர்தல் என்றதும் நம் மேடைப் பேச்சாளர் அனைவரும் உத்தரமேரூருக்கு ஓடுவர். காஞ்சிக்குத் தெற்கே உள்ள அவ்வூரில் முதற் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பது உண்மை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் ஓலையில் இடமில்லை. இவ்வொரு நெறி இன்றைய தேர்தற் சட்டத்தில் ஏறுமாயின் எத்தனை குடங்கள் வெறுங்குடமாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

எனினும் முழுமையும் சொல்லாத புகழ்ச்சி பொய்க்கு ஒப்பு. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட அகவையும், மறைநூற் கல்வியும் உடையவர் பெயரே ஓலையில் ஏறிற்று. அது நான்மறையாளர்க்கு விடப்பட்ட ஊர். நெய்தவனுக்கும், உழுத கூலியாளுக்கும், பெண்ணுக்கும் அக்குடத்தருகே வேலையில்லை. மேலும் அது குலுக்கல். குடிகள் தம் விருப்பத்தால் தேர்ந்த தேர்தலன்று. வாரியங்களின் பெயரையும் பாருங்கள்: மதிப்பு மிக்க ஆண்டு வாரியத்துக்குச் ‘சம்வத்சர வாரியம்’ என்று வடமொழிப் பட்டம், சேறு மிதிக்கும் வேலைக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தமிழ்ப்பெயர். கூரத்துச் செப்பேட்டில் கண்ட அதே பாகுபாடு!

நிலமும் வரியும் பாராமல், 21 அகவை நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் ஒப்போலை கிடைத்தது 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான். (‘வாக்கு’ தமிழ்ச்சொல்லா என்பதில் நம் அறிஞரிடையே வழக்குண்டு, குடவோலை என்னும் பழஞ்சொல்லை ஒட்டி ஒப்போலை என்றெழுதுவதே நமக்கு உவப்பு.) தறிக்குழியில் கால்வைத்து அமர்ந்திருந்த காஞ்சி நெசவாளியை, அவன் தெருவுக்கே நடந்து வந்து கைகூப்பிக் கேட்கவேண்டிய நிலை அன்றுதான் பெருமக்களுக்கு நேர்ந்தது. ஆங்கிலத்தில் கேட்டால் அவன் தறியை நிறுத்தானே! அத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் நிற்கவில்லை. தன் நாட்டுப்பிரிவினைக் கோரிக்கைக்குக் கையெழுத்திட்டவர்களுக்கு ஆதரவு தந்தது. காஞ்சி நாடாளுமன்றத் தொகுதியில் பொதுநலக் கட்சியைச் சேர்ந்த அ. கிருட்டிணசாமி வென்றார்.

1953-இல் கைத்தறி நெசவு நலிந்தபோது கழகத்தார் துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். 1956-இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாவா என்பதை வந்திருந்த மக்களையே பெட்டியில் ஓலையிடச் செய்து முடிவுசெய்தனர். மறு ஆண்டு காஞ்சிச் சட்டமன்றத் தொகுதியில் காஞ்சியிற் பிறந்த அண்ணாதுரை நின்று வென்றார். அன்று கழகத்தின் சார்பில் சட்டமன்றம் புகுந்தவர் 15 பேர்.

அடுத்த தேர்தல் 1962-இல் வந்தது. காங்கிரசு சார்பில் நின்ற பேருந்து உரிமையாளர் சு. வ. நடேச முதலியாரிடம் அண்ணாதுரை தோற்றார்! முன்பு வென்ற பதினைவருள் கருணாநிதி ஒருவரே, அவரும் தஞ்சையில், மீண்டும் வென்றார். ஆனால் கழகத்தின் தொகையோ 50 ஆக உயர்ந்தது. காஞ்சியில் பணம் பாய்ந்தது என்று தோற்ற தரப்பார் நெடுநாள் பேசினர். அதை அளக்க நாம் புகவில்லை. சொந்த ஊரார், சொந்த மொழியார், நாடறிந்த சொல்லாற்றலுடையார் ஒருவரை, தறிக்காரன் தன் ஓலையொன்றால் இறக்கிவிட முடிந்தது என்பதே நாம் நினைக்கத்தக்கது. 1967-இல் விருதுநகர் காமராசரை 1,285 ஓலை வேறுபாட்டில் தோற்கடித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இரண்டு தோல்விகளுக்கும் நாம் வருந்தினோம். இரண்டிலும் குடிமகன் தலைநிமிர்ந்து நின்றான் என்பதை மறுக்கவும் இயலவில்லை.

அண்ணாதுரை காஞ்சியில் மீண்டும் நிற்கவில்லை. 1962-இல் மாநிலங்களவை புகுந்தார். 1967-இல் தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு வென்று, மார்ச்சு 6-இல் முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலை 18-இல் நம் நாட்டுக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சட்டமன்றத்தில் தீர்மானமாயிற்று. 1956-இல் அப்பெயருக்காக உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரின் வேட்கை, 1969 சனவரி 14-இல் சட்டப்படி நிறைவேறியது. மூன்று கிழமைக்குள் அண்ணாதுரையும் மறைந்தார். பின்னர்க் காஞ்சி எக்கட்சிக்கும் அடிமைமுறி எழுதிக் கொடுத்துவிடவில்லை. 2006-இல் பாட்டாளி மக்கள் கட்சியின் கமலாம்பாள், 2011-இல் அ.தி.மு.க.வின் சோமசுந்தரம், 2016-இலும் 2021-இலும் தி.மு.க.வின் எழிலரசன் என்று தன் விருப்பம்போல் அனுப்பியிருக்கின்றது.

இத்தேர்தல்களால் மொழிக்கு வந்த ஆக்கத்தையும் சொல்லவேண்டும். ‘அபேட்சகர்’ வேட்பாளரானார், ‘அங்கத்தினர்’ உறுப்பினரானார், ‘மந்திரி’ அமைச்சரானார், ‘சட்டசபை’ சட்டமன்றமாயிற்று, ‘அக்கிராசனர்’ தலைவரானார். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை நகைத்தோர் பலர். ஆனால் ஓலை கேட்டு வந்தவர்கள் அச்சொற்களை ஏற்றுத் தெருத்தெருவாக முழக்கியதால், எழுதப்படிக்கத் தெரியாத கிழவியும் ‘அபேட்சகர்’ என்பதை மறந்தாள். பெயர்களும் மாறின; எழிலரசன் என்னும் பெயரின் அழகைப் பாருங்கள்! ஆயினும் அப்பெயரின் முன்னே செய்தித்தாள்கள் அச்சிடுவது சி.வி.எம்.பி. என்னும் ஆங்கில ஒலிகளை. அண்ணாதுரையின் பெயர்முன் நின்ற ‘சி’ யாது? காஞ்சியை ஆங்கிலேயன் ‘காஞ்சீவரம்’ என்று சிதைத்தெழுதியதன் முதலெழுத்து! ஊர்ப்பெயரை மீட்டோம், அதன் தலையெழுத்தை மீட்கவில்லை. பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று அரசு 2021 இறுதியில் ஆணையிட்டது. ஆணை பிறப்பித்தவர்களின் சுவரொட்டிகளே அதற்குச் சான்றாக வேண்டாவா?

இனி நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். வேட்பாளர் தமிழில் கேட்கின்றார். பொறியில் அவர் பெயர் தமிழில் இருக்கின்றது. குடிமகன் தமிழில் படித்துப் பொத்தானை அழுத்துகின்றான். அத்தேர்தலில் முறைகேடு நடந்தது என்று அவன் கருதினால்? 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டப்படி அவன் உயர்நீதிமன்றத்துக்குச் செல்லவேண்டும். அங்கே மொழி ஆங்கிலம். தன் ஓலையைப் பற்றிய வழக்கு, தனக்கு விளங்காத மொழியில் நடப்பதை அவன் சுவரோரம் நின்று பார்க்கலாம். 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய நாட்டில் நாம் இதைக் காண்கின்றோம்.

இதற்குச் சட்டத்தில் வழியில்லை என்பதும் இல்லை. அரசமைப்பின் 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஆளுநர் குடியரசுத் தலைவரின் முன்னிசைவு பெற்று மாநில மொழியை உயர்நீதிமன்றத்துக்குள் கொண்டுவர இடந்தருகின்றது. அவ்வழியேதான் இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்தி ஏறி அமர்ந்தது. 2006-இல் நம் சட்டமன்றம் தமிழுக்கும் அதையே கேட்டுத் தீர்மானம் இயற்றியது. 2012-இல் உச்சநீதிமன்றம் இசையவில்லை. தலைமை நீதிபதியைக் கலந்தே முடிவுசெய்வது என்பதோ அரசமைப்பில் எழுதப்பட்டதன்று; 1965-இல் நடுவண் அமைச்சரவை எடுத்த முடிவு. அமைச்சரவை கட்டியதை அமைச்சரவை அவிழ்க்கலாம். அதை அவிழ்க்கச் சொல்லும் பொறுப்பு தில்லிக்கு நாம் அனுப்பும் உறுப்பினர்க்கு உண்டு. காஞ்சிக்கு 2009 முதல் மீண்டும் தனி நாடாளுமன்றத் தொகுதியும் இருக்கின்றது. தறித்தெருவுக்கு அடுத்துக் கைகூப்பி வருகின்றவர் எக்கட்சிக் கொடியோடு வந்தாலும், நெசவாளத் தோழர்கள் ஓடத்தை நிறுத்திவிட்டு முதலில் 348(2) பற்றிக் கேட்கட்டும். மறுமொழியைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, முன்னெழுத்தும் தமிழிலேயே இட்டு, வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.